ஒரு பேசின் தண்ணீர், ஒரு கரண்டி எண்ணெய்

கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு ஒரு மிஷனரித் தம்பதிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்தப் பிள்ளை பின்னாளில் இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, 1946இல் அறுவைச் சிகிச்சை நிபுணராக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் பால் பிராண்ட். வந்த இடத்தில் தொழுநோயாளிகளின் கைகளையும் கால்களையும் பார்த்துத் திகைத்தார். விரல்கள் குட்டையாகிப் போயிருந்தன. உள்ளங்கால்களில் ஆறாத குழிப்புண்கள். தொழுநோய்க் கிருமி சதையைத் தின்றுவிடுகிறது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. மருத்துவர்களில் பலரும் அப்படியே நினைத்தார்கள்.

பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் கண்டது வேறு. கிருமி கெடுத்தது நரம்பை. வலி தெரியாத கை, கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கி வைத்தது. வலி தெரியாத கால், ஆணி துருத்திய செருப்போடு நாளெல்லாம் நடந்தது. சதையைத் தின்றது நோயல்ல, அன்றாடம் படும் காயங்கள்.

இதில் இன்னொரு நுட்பமும் இருந்தது. வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகளும் பழுதாகியிருந்தன. வியர்க்காத தோல் வறண்டது. வறண்ட தோல், சித்திரை மாதத்து ஏரிப் படுகைபோலப் பாளம் பாளமாக வெடித்தது. அந்த வெடிப்பு வழியே புகுந்த வேறு கிருமிகள் எலும்புவரை போயின.

இந்த வறட்சிக்குத் தொழுநோய் மருத்துவமனைகள் கற்றுக்கொடுத்த வைத்தியம் வியப்பூட்டும் அளவுக்கு எளியது. ஒரு பேசினில் சாதாரணத் தண்ணீர். அதில் கையோ காலோ 20 நிமிடம் ஊற வேண்டும். ஊறி மெத்தென்றான காய்ப்பை மெதுவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். தினமும், வாழ்நாள் முழுக்க. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் மையம் உட்படப் பல இடங்களில் நோயாளிகளுக்கு இது பாடம். தவறாமல் செய்தவர்களின் கால் பிழைத்தது.

உலகின் மிகவும் பாதிக்கப்பட்ட தோலைக் காப்பாற்றியது ஒரு பேசின் தண்ணீரும் ஒரு கரண்டி எண்ணெயும் தேய்ப்பதில் காட்டிய நிதானமும். அப்படியானால் நல்ல தோல் உள்ள நமக்கு எதற்குக் குளியலறை நிறைய புட்டிகள்? அந்தப் பேசின் ஏன் வேலை செய்தது என்று புரிந்துகொண்டால் இதற்கும் விடை கிடைத்துவிடும்.

செங்கல்லும் சாந்தும்

உங்கள் புறங்கையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் பரப்பு முழுவதும் செத்த செல்கள். உயிருள்ளவை அதற்குக் கீழே இருக்கின்றன. அடியில் பிறக்கும் செல், பின்னால் பிறப்பவை தள்ளத் தள்ள மேலே ஏறுகிறது. போகும் வழியில் உட்கருவை இழக்கிறது. கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து தட்டையாகிறது. பிறந்து ஏறத்தாழ நான்கு வாரத்தில் செதிலாக உதிர்கிறது. காலையில் பெருக்கித் தள்ளும் வீட்டுத் தூசியில் போன மாதத்து நாமும் கொஞ்சம் இருக்கிறோம்.

இந்தச் செத்த அடுக்கின் தடிமன், உள்ளங்கை உள்ளங்காலைத் தவிர மற்ற இடங்களில், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. அரசு தடைசெய்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பை அளவுக்கே மெல்லியது. உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே ஓடாமலும், வெளியே இருக்கும் கிருமி உள்ளே வராமலும் தடுப்பது இதுதான்.

நெடுங்காலம் இதை வெறும் உதிரிச் செதில் என்றே எண்ணினார்கள். சான் பிரான்சிஸ்கோவின் தோல் மருத்துவர் பீட்டர் எலையஸ் 1980களில் இதைச் செங்கல் சுவராக விளக்கிக் காட்டினார். செத்த செல்கள் செங்கல். அவற்றுக்கு இடையே பூசியிருக்கும் கொழுப்பு, சாந்து. செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் என மூன்று சரக்கைக் குழைத்த சாந்து அது. கொலஸ்டிரால் என்றால் நமக்கு இரத்தப் பரிசோதனைச் சீட்டுதான் நினைவுக்கு வரும். தோலுக்கு அது கட்டுமானப் பொருள்.

சாந்து குறைந்தால் என்ன ஆகும்? 1929இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது. வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடித்தன. சுவர் ஒழுகிக்கொண்டிருந்தது. உணவில் கொஞ்சம் லினோலிக் அமிலம் சேர்த்ததும் தேறின. உடம்பால் தானாகத் தயாரிக்க முடியாத, சாப்பாட்டில் வந்தே தீர வேண்டிய கொழுப்பு அது. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் நிறைய உண்டு.

இந்தச் சங்கதி பல பத்தாண்டுகளுக்குப் பிறகு டாக்காவில் உயிர் காத்தது. 33 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்த குழந்தைகளின் தோல்சுவர் பாதி கட்டிய நிலையில் இருக்கும். கிருமிகள் அதன் வழியே எளிதாக நுழைந்துவிடும். டாக்கா சிசு மருத்துவமனையில் அத்தகைய குழந்தைகளின் உடம்பில் சூரியகாந்தி எண்ணெயை மென்மையாகத் தடவிவந்தார்கள். தடவாத குழந்தைகளோடு ஒப்பிட்டால், மருத்துவமனையில் தொற்றும் நோய்க்கான வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது. 2005இல் லான்செட் இதழில் வந்த முடிவு இது. சமையலறை எண்ணெய், சுவரின் விரிசலுக்குச் சாந்தாகியிருந்தது.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். தோல் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள் ஏறக்குறைய எல்லாமே, சித்திரத்துக்கு ஆசைப்பட்டுச் சுவரைச் சுரண்டுவதுதான்.

சோப்புக்கு எங்கே வேலை?

முதல் சுரண்டல் குளியலறையில் நடக்கிறது.

தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவில் சுமார் 5. ஜெர்மானியர்களான ஷாடேயும் மார்க்கியோனினியும் 1928இலேயே இதற்கு 'அமிலப் போர்வை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாந்தைக் குழைக்கும் நொதிகள் இந்த அமிலத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். தீமை செய்யும் பல கிருமிகளுக்கு இந்த அமிலம் ஆகாது.

நாம் தேய்க்கும் சோப்புக்கட்டியோ பிஎச் 9, 10 என்னும் காரம். ஒருமுறை தேய்த்துக் கழுவிய தோல் பழைய அமில நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகிறது. காலை, மாலை, வெளியே போய் வந்ததும் ஒருமுறை என்று சோப்பு போடுபவரின் தோல் அந்த நிலைக்குத் திரும்புவதே இல்லை.

அதற்காகச் சோப்பைத் தூக்கி எறிய வேண்டாம். அக்குள், தொடையிடுக்கு, பாதம், அழுக்குப் பட்ட கை ஆகிய இடங்களுக்குச் சோப்பு வேண்டும். முழங்கைக்கும் முதுகுக்கும் முழங்காலுக்கும் தினமும் நுரை எதற்கு? பெரும்பாலான நாள்களில் வழிந்து ஓடும் தண்ணீரே போதும். சோப்பு உறையில் டிஎஃப்எம் என்று ஒரு எண் இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர விதிப்படி 76 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதல் தரம். 'பாத்திங் பார்' என்று எழுதியிருந்தால் இன்னும் குறைவாக இருக்கலாம். ஆனால் முதல் தரச் சோப்பும் காரம்தான். தர எண் காரத்தைக் குறைப்பதில்லை. தோல் வறண்டு அரிப்பவர்களுக்குச் சோப்பே அல்லாத, பிஎச் 5.5 என்று குறித்த கழுவுபொருள்கள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன.

கிருமிநாசினிச் சோப்பு நல்லதல்லவா என்று கேட்கலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களை வீட்டு உபயோகக் கிருமிநாசினிச் சோப்புகளில் தடைசெய்தது. சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேலானவை என்பதை நிறுவனங்களால் நிரூபிக்க முடியவில்லை என்பது காரணம்.

நம் பாட்டிகள் பயன்படுத்திய சீயக்காயிலும் அரப்பிலும் நுரைப்பது சபோனின். சோப்பின் காரம் அதில் இல்லை. அந்த வகையில் அவை தோலுக்கு நண்பர்கள். ஆனால் நன்றாகச் சலிக்காத கரகரப்பான மாவை அரக்கித் தேய்த்தால் அதுவும் உப்புத்தாள்தான்.

அதைவிட மோசம், கடைகளில் வண்ண வண்ணமாகத் தொங்கும் நைலான் நார். முதுகிலும் தோளிலும் புறங்கையிலும் நாள்தோறும் அதை வைத்து அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு அந்த இடங்களில் கருமை படர்வதைத் தோல் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். உராய்வுக் கருமை என்பது அது. அதை அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். அது இன்னும் கறுக்கும். மருந்து ஒன்றுதான்: நாரை விட்டுவிடுவது.

வெந்நீர் சாந்தைக் கரைக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தை வெந்நீரில் கழுவினால் பளிச்சென்று ஆகிறது அல்லவா, அதே கதைதான். கைக்கு இதமான வெதுவெதுப்பு போதும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. அதிலுள்ள கால்சியம், சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான படிவமாகித் தோலில் தங்கிவிடும். அங்கே சோப்பைக் குறைக்க வேண்டும். குறைக்க முடியாவிட்டால், இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றி நன்றாக அலச வேண்டும்.

ஈரம் காயும் முன்

தண்ணீரில் ஊறிய தோல் மெத்தென்று இருக்கிறது. துடைத்து, மின்விசிறிக்குக் கீழே நின்றால் பத்து நிமிடத்தில் முன்னைவிட இறுக்கமாகிவிடுகிறது. உள்ளே போன நீர் ஆவியாகிவிட்டது. கரிகிரிப் பாடத்தில் 'ஈரம் காய்வதற்குள்' என்ற சொல்தான் உயிர்நாடி. எண்ணெய் ஈரத்தைத் தருவதில்லை. இருக்கும் ஈரத்துக்குப் பூட்டுப் போடுகிறது. காய்ந்த தோலில் எண்ணெய் தடவுவது, வெறும் பெட்டியைப் பூட்டுவது போன்றது.

துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சற்றே ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், பூச வேண்டியதைப் பூசுங்கள். எதைப் பூசுவது? விலைக்கும் பலனுக்கும் இங்கே பெரிய உறவில்லை. பெட்ரோலியம் ஜெல்லி, ராபர்ட் செஸ்பரோ 1872இல் காப்புரிமை பெற்ற பழைய சரக்கு. தோலிலிருந்து நீர் கசிவதைத் தடுப்பதில் இன்றுவரை அதை விஞ்சும் களிம்பு அரிது. கிளிசரின் காற்றிலும் தோலிலும் உள்ள ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். குதிகால் வெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு, இரவில் தடவிக் காலுறை போட்டுக்கொண்டால், நன்றாகக் கேட்கும்.

எண்ணெய்களில் எல்லாம் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் தோலுக்கு ஒத்துப்போகின்றன. ஆலிவ் எண்ணெயும் கடுகெண்ணெயும் சுவரைத் தளர்த்துவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளிநாட்டு ஆலிவ் எண்ணெயைக் குழந்தைக்குத் தடவுவதைப் பெருமையாக நினைப்பவர்கள் சமையலறையில் இருப்பதை எடுத்தால் போதும். பருக்கள் வரும் முகத்தில் மட்டும் எந்த எண்ணெயும் வேண்டாம். பொடுகுள்ள தலையிலும் எண்ணெய் ஊற வேண்டாம். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்னும் பூஞ்சைக்கு அந்த எண்ணெய்தான் விருந்து.

தீபாவளி எண்ணெய்க் குளியலைப் பற்றியும் ஒரு சொல். முதலில் எண்ணெய் தடவுவதால் சோப்பின் கடுமை கொஞ்சம் குறைகிறது. ஆனால் அத்தனை எண்ணெயையும் துளி மிச்சமில்லாமல் அரக்கி எடுத்தால் பலன் சாக்கடையோடு போய்விடும். கொஞ்சம் பிசுக்கு மிச்சம் இருக்கட்டும்.

ஜன்னலோர இருக்கை

2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒரு படத்தை வெளியிட்டது. 69 வயது அமெரிக்க லாரி ஓட்டுநரின் முகம். வலது பாதி வயதுக்கேற்ற முகம். இடது பாதியில் தோல் தடித்து, ஆழமான சுருக்கங்கள் மடிந்து தொங்கின. 28 ஆண்டு லாரி ஓட்டியவர். அந்த நாட்டில் ஓட்டுநரின் ஜன்னல் இடது பக்கம்.

ஜன்னல் கண்ணாடி, தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் புறஊதா பி கதிரைத் தடுத்துவிடும். புறஊதா ஏ கதிரைத் தடுக்காது. அது சுடாது, சிவக்க வைக்காது. தோலின் உள்ளடுக்குவரை போய், தோலை விறைப்பாக வைத்திருக்கும் கொலாஜனை வருடக்கணக்கில் அரிக்கும். முதுமையின் அடையாளம் என்று நாம் நினைக்கும் சுருக்கத்திலும் திட்டிலும் பெரும்பங்கு வயதுடையதல்ல, வெயிலுடையது. நம்மூர்ப் பேருந்து ஓட்டுநருக்கு வலது கன்னம், வலது முழங்கை.

நமக்குத் தோலுக்குக் கருமை தரும் மெலனின் இருக்கிறதே, போதாதா? நிறைய உதவுகிறது. வெள்ளைத் தோலைவிட நமக்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவு. ஆனால் மிகக் கருமையான தோலின் மெலனின்கூடத் தரும் காப்பு, சன்ஸ்கிரீன் கணக்கில் எஸ்பிஎஃப் 13 அளவுதான் என்று 1979இல் அளந்தார்கள். அதோடு நம் தோல் வெயிலுக்குப் பதில் சொல்லும் விதமே வேறு. சிவக்காது, திட்டாகக் கறுக்கும். கன்னத்தில் படரும் மங்கு அப்படித்தான் வருகிறது. மங்கைக் கூட்டுவதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்குண்டு. அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன்தான் உதவும்.

எஸ்பிஎஃப் 30 என்ற எண், புறஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுப்பதைக் குறிக்கிறது. ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி எடுத்த கணக்கு அது. நாமோ பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுக்கிறோம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடாகப் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். இதற்குப் பணமும் பொறுமையும் இல்லாதவர்கள் தாழ்ந்துவிடவில்லை. குடையும் முழுக்கைச் சட்டையும் தலையில் முக்காடும் வியர்வையில் வழிந்து ஓடாத சன்ஸ்கிரீன்கள்.

வைட்டமின் டிக்கு வெயில் வேண்டுமே என்பவர்களுக்கு நிழலே கடிகாரம். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருக்கும்போது, அதாவது காலை ஏழு மணி நடையில், தோலில் வைட்டமின் டி உருவாவது மிகக் குறைவு. நிழல் குட்டையாக இருக்கும் நேரத்தில் கைகால்களில் சிறிது நேரம் வெயில் படட்டும், முகம் குடைக்குள் இருக்கட்டும். அந்நேரம் வெயிலில் உழைப்பவர்களுக்கு இந்த யோசனை தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது நிழல்.

மடிப்பில் தேங்கும் வியர்வை

நம் உடம்பில் 20 லட்சம் முதல் 40 லட்சம்வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. வியர்வை நம்மைக் குளிர்விக்கிறது, தோலை நனைத்து மெத்தென்று வைக்கிறது. டெர்ம்சிடின் என்ற கிருமிக்கொல்லியும் அதில் இருப்பதை 2001இல் கண்டறிந்தார்கள். வழியும் வியர்வை நல்லது. தேங்கும் வியர்வைதான் வம்பு. குழாய் அடைத்தால் வியர்க்குரு. மடிப்பில் ஊறினால் படர்தாமரை.

படர்தாமரைக்கு எதிரான முதல் மருந்து துண்டு. குளித்ததும் அக்குளையும் தொடையிடுக்கையும் விரலிடுக்கையும் ஈரம் போகத் துடைப்பது. ஒருவர் துண்டை இன்னொருவர் எடுக்காமல் இருப்பது. இறுக்கமான ஜீன்ஸை நம் ஊர் வெயிலில் நாள் முழுக்கப் போடாமல் இருப்பது. ஈரம் காயாத உள்ளாடையை அவசரத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது.

இவற்றை விட்டுவிட்டு நாம் செய்வது, மெடிக்கல் கடையில் "அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்பது. கையில் வருவது பெரும்பாலும் பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் வீரியமான ஸ்டீராய்டும் சேர்ந்த கலவை. இரண்டே நாளில் அரிப்பு நிற்கும். பூஞ்சை சாகவில்லை. ஸ்டீராய்டு, பூஞ்சையோடு சண்டைபோட்ட உடம்பின் காவலர்களைத் தூங்க வைத்துவிட்டது. விட்டதும் முன்னைவிட அகலமாகப் படரும். இப்படி அரைகுறை வைத்தியத்தில் பழகிய பூஞ்சைகளிடையே, டெர்பினாஃபின் என்ற முக்கியமான மருந்துக்கே அடங்காத ஓர் இனம் பரவிவிட்டது. இந்திய, நேபாள நோயாளிகளிடம் கண்டறியப்பட்டு 2020இல் பெயரிடப்பட்ட அந்தப் பூஞ்சையின் பெயரிலேயே இந்தியா இருக்கிறது: டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே.

அதே ஸ்டீராய்டு களிம்பைச் 'சிவப்பழகு' தேடி முகத்தில் பூசுபவர்களின் தோல் மெலிந்து, இரத்தக் குழாய் தெரிந்து, பருவும் முடியும் முளைத்து, களிம்பை நிறுத்தினால் எரியும் நிலைக்கு வருகிறது. இந்த முகத்துக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் 2008இல் தனிப்பெயரே வைக்க வேண்டியதாயிற்று. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் கடை வாசல்வரைதான் வரும். களிம்புக் குழாயின் பின்பக்கத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியது நாம்தான்.

சுவரிலும் ஓட்டை உண்டு

வெளியே பூசுவது வெளியிலேயே நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. கேரளத்தின் கோட்டக்கலில் 2021 முதல் 2023வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வடிவம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். களிம்பில் இருந்தது பாதரசம். அது தோல் வழியே நுழைந்து சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. தயாரித்த நிறுவனத்தின் முகவரி இல்லாத, உட்பொருள் பட்டியல் இல்லாத, ஒரு வாரத்தில் நிறம் மாற்றுவதாகச் சொல்லும் எந்த டப்பாவும் வீட்டுக்குள் வரக் கூடாது.

இயற்கையானது என்பதால் பாதுகாப்பானது என்றும் இல்லை. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் சுமார் 2. அதை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால், எலுமிச்சை வகைகளில் உள்ள ஃபியூரோகூமரின் வெயிலோடு வினைபுரிந்து தோலைக் கொப்பளிக்க வைத்துக் கறுக்க வைத்துவிடும். மருதாணி நல்லதுதான். விரைவில் கறுக்கும் என்று விற்கும் 'கறுப்பு மருதாணி'யில் இருப்பது தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் ஆயுளுக்கும் தொடரும்.

சின்னச் சின்னப் பழக்கங்களிலும் கண் வைக்க வேண்டும். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள ஒரு ரசாயனம் சிலருக்கு நிறமிச் செல்களைக் கொன்று, நெற்றியில் வெண்ணிறத் திட்டை நிரந்தரப் பொட்டாக விட்டுவிடும். அந்த இடம் அரித்தாலோ வெளுத்தாலோ உடனே நிறுத்துங்கள். கவரிங் நகையின் நிக்கல் காது மடலையும் கழுத்தையும் அரிக்கும். பாவாடை நாடாவை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டினால் இடுப்பில் தோல் கறுத்துத் தடிக்கும். மிக அரிதாக அது புற்றாகவும் மாறலாம். மும்பையின் கானோல்கர் 1945இலேயே வேட்டிக் கட்டால் இடுப்பில் வரும் புற்றுநோயைப் பதிவு செய்திருக்கிறார். அகலமான பட்டி, கொஞ்சம் தளர்வான முடிச்சு, கட்டும் இடத்தை அவ்வப்போது மாற்றுவது. இதற்குச் செலவே இல்லை.

மறுபடியும் அந்தப் பேசின்

வேலூரில் கற்ற பாடம் தொழுநோயோடு நிற்கவில்லை. நெடுநாள் சர்க்கரை நோயும் அதே வேலையைத்தான் செய்கிறது. பாதத்தின் உணர்வு மங்குகிறது, வியர்வை நிற்கிறது, குதிகால் வெடிக்கிறது, காலில் ஏறிய முள் தெரியாமல் போகிறது. சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் அந்தப் பாடத்தை ஒரு திருத்தத்தோடு படிக்க வேண்டும். காலை நீண்ட நேரம் ஊறவைக்கக் கூடாது. வெந்நீர் கூடவே கூடாது. சூடு தெரியாமல் வெந்துபோன கால்கள் ஏராளம். காய்ப்பைப் பிளேடால் சீவக் கூடாது. எண்ணெயோ களிம்போ பாதத்துக்கு மட்டும். விரலிடுக்கு உலர்ந்தே இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் பொதுவான கடைசிப் பழக்கம், பார்ப்பது. மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் முதுகும் தொடையும் கண்ணாடியில் தெரியட்டும். வடிவம் மாறும் மச்சம், ஒரு மாதமாக ஆறாத புண், உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகத் தோன்றிய கறுப்பு ஆகியவை மருத்துவர் பார்க்க வேண்டியவை. வெளிறிய தேமல் ஒன்று இருந்து, அதன்மேல் பஞ்சால் வருடினால் தெரியவில்லை என்றால், களிம்பு தேடாமல் அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அங்கே இலவசம். தொடக்கத்திலேயே சாப்பிட்டால் நரம்பு பிழைக்கும், விரலும் பிழைக்கும்.

இன்றிரவு படுக்கப் போகுமுன் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, ஈரம் காய்வதற்குள் பாதத்தில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தடவும்போது உள்ளங்காலைத் திருப்பி ஒருமுறை பாருங்கள். வீட்டில் குனிய முடியாத பெரியவர் இருந்தால் அவர் காலை நீங்கள் பாருங்கள்.